மனத்தாங்கல்: நீங்கள் கேட்டவையும் என் பதிலும்

போன மாதம் பெண்கள் ஐக்கியத்தில் மனத்தாங்கலைப் பற்றிப் பேசினேன். அப்புறம் பலர் துண்டுச்சீட்டில் கேள்வி எழுதித் தந்தார்கள். முப்பது வருடம் உபதேசியாராக இருந்து, வீடு வீடாக ஏறி இறங்கிப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மார்த்தாண்டம் சகோதரி: நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு எல்லா வீட்டுக்கும் நேரில் போய் விளித்தார்கள். எங்களுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் கார்டு வந்தது. நான் போகவில்லை. தப்பா?

வலித்தது தப்பில்லை, தங்கச்சி. நேரில் வந்து விளிப்பதுதான் நம் ஊர் மரியாதை. ஆனால் வலி தானாக வரும். அதை எழுதிவைப்பது நாம். அன்பு "தீங்கு நினையாது" என்கிறார் பவுல் (1 கொரிந்தியர் 13:5). அங்கே கிரேக்கத்தில் உள்ள சொல் கணக்கு எழுதுகிறவர்கள் புழங்கிய சொல். தனக்கு நடந்த தீங்கை அன்பு கணக்கில் ஏற்றாது என்று அர்த்தம்.

என் அம்மா பீரோவில் ஒரு மொய் நோட்டு வைத்திருந்தாள். யார் எவ்வளவு தந்தார்கள் என்று நீல மையில் வரிசையாக இருக்கும். அவளை அடக்கம் பண்ணின பிறகு அதைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு பட்டியல்: என் அக்கா கல்யாணத்துக்கு வராதவர்கள். மூன்றாவது பெயர் ஒரு பெரியம்மாவுடையது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த 11 நாளும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தது அந்தப் பெரியம்மாதான். கஞ்சி எந்தப் பக்கத்திலும் இல்லை. அந்தப் பென்சில் எழுத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பெண்ணையும் மாப்பிள்ளையையும் போய்ப் பாருங்கள். கார்டுப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

குலசேகரம், ரப்பர் பால் வெட்டும் சகோதரர்: கூட வேலை செய்கிறவர்கள் என்னைப் பற்றி மோசமாகப் பேசுவதாக ஒருவர் வந்து சொன்னார்.

பிரசங்கி 7:21, 22 வாசியுங்கள். சொல்லப்படும் எல்லா வார்த்தையையும் கவனியாதே, நீயும் அநேகந்தரம் பிறரை நிந்தித்தது உன் மனதுக்குத் தெரியும் என்கிறது. எனக்கும் தெரியும். அடுத்த தடவை அவர் சேதி கொண்டுவந்தால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

நாகர்கோவில் தம்பி: பாடகர் குழுவில் என் தனிப்பாட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு சபைக்குப் போகலாமென்று இருக்கிறேன்.

போகிறது சுலபம், மக்களே. நம் மாவட்டத்தில் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று நடக்கிற தூரத்திலேயே எல்லாம் இருக்கிறது. அதனாலேயே கோபித்துக்கொண்டு சபை மாறுகிறவர்கள் இங்கே அதிகம். மத்தேயு 18:15 என்ன சொல்கிறது? நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில் பேசு. குழுத் தலைவரிடம் தனியாகக் கேள். முக்கால்வாசி நேரம் "அட, உன்னிடம் சொல்ல மறந்துட்டேனே" என்பார்கள்.

குளச்சல் பக்கம் ஒரு சகோதரி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுத்துப்போவதுதான் கிறிஸ்தவளுக்கு அழகு என்கிறார் மாமியார்.

இல்லை, மகளே. இது மனத்தாங்கல் விஷயமே இல்லை, கொடுமை. சேவகன் அறைந்தபோது இயேசுவே "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டவர்களே நேரில் வந்து வெளியே விடட்டும் என்று பிலிப்பியில் நின்றார் பவுல் (அப்போஸ்தலர் 16:37). நம் பூட்டிமார் தோள்சீலைக்காக, அதாவது மார்பை மறைத்து மேலாடை உடுத்தும் உரிமைக்காக, அடிபட்டும் விட்டுக்கொடுக்காததால்தான் 1859ல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது. அவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று யாராவது சொல்வோமா? 181 பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மன்னிப்பதைப் பற்றி, நீங்கள் பத்திரமான இடத்தில் இருக்கும்போது பேசுவோம்.

கருங்கல் அண்ணாச்சி: மன்னித்துவிட்டேன் என்று சொல்கிறேன். ராத்திரி படுத்தால் அந்த வார்த்தையே சுற்றுகிறது.

எனக்கும் நடந்தது. சபைக் கூட்டத்தில் ஒருவர் எல்லோர் முன்னாலும் "உனக்கு வேதம் தெரியுமா" என்று கேட்டுவிட்டார். அவருக்காக ஜெபிக்க உட்கார்ந்தால், முதல் வாரம் அவர் பெயருக்கு மேல் ஒன்றும் வரவில்லை. அப்புறம் அவர் பேத்தி பிளஸ் டூ எழுதுவது ஞாபகம் வந்தது. அதைச் சொல்லி ஜெபித்தேன். ஒருநாள் வடசேரி பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். என் வாயில் முதலில் வந்தது, "பிள்ளை பரீட்சை எப்படி எழுதினா?" என்பதுதான்.