கொச்சித் திட்டத்துக்கு நடுகல்லிலிருந்து தொடங்கலாம்
வணக்கம். பர்கூரிலேயே வளர்ந்த ஓவியரான நீங்கள், கலைஞர்கள் தங்கிப் பணியாற்றும் கொச்சித் திட்டத்துக்கு எதை முன்மொழிவது என்று கேட்டிருந்தீர்கள். 2012இல் கொச்சி-முசிறிஸ் பினாலே என்னும் ஈராண்டுக் கலைவிழா தொடங்கிய ஊர் அது. அங்கே கடலை அறிந்தவர்போல எழுத வேண்டாம். ஆநிரை மீட்கும் பூசலில் இறந்தவர்களுக்குக் நடுகல் நட்ட, கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் மாவட்டங்களின் மரபை முன்வைத்து, கடலில் உயிரிழந்தவர்களை மீனவக் குடும்பங்கள் எவ்வாறு நினைவுகூர்கின்றன என்று கேட்பதிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் இசைந்தால் மட்டுமே, அவர்கள் காட்டும் சுவரில் வரையுங்கள். இந்த இசைவை நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறேன். உப்புக்காற்றில் சுவர் பொரிந்து வண்ணம் உரியும் என்பதால், பின்னாளைய பராமரிப்பு யார் பொறுப்பு, பொருட்செலவு உதவித்தொகைக்குள் அடங்குமா என்பவற்றை முன்பே எழுத்தில் பெறுங்கள். தருமபுரி அருங்காட்சியக நடுகற்களை நேரில் பார்த்து வரைந்த கோட்டோவியங்களையும் விண்ணப்பத்துடன் இணையுங்கள்.