மடித்தால் பொருந்துமா?

கேள்வி: செவ்வகத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் ஒரே அளவில் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் மூலைவிட்டத்தைச் சமச்சீர்க் கோடு என்று எழுதினால் ஏன் மதிப்பெண் கிடைப்பதில்லை?

பதில்: சமமாகப் பிரிப்பது வேறு, சமச்சீர் வேறு. கோட்டில் மடிக்கும்போது ஒரு பாதி மறுபாதியின் மேல் விளிம்பு பிசகாமல் உட்கார வேண்டும். 8 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்தில் ஒரு தாளை வெட்டிக்கொள்ளுங்கள். மூலைவிட்டம் சரியாக 10 செ.மீ. வரும். அதில் மடித்தால் மற்ற இரண்டு மூலைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் 2.8 செ.மீ. இடைவெளி விட்டு நிற்கும். நீங்கள் வெட்டிய முக்கோணங்கள் பொருந்துவதெல்லாம், ஒன்றை அரைச்சுற்று (180°) திருப்பி வைப்பதால்தான். அதற்குச் சுழல் சமச்சீர் என்று பெயர்.

செவ்வகத்துக்குச் சமச்சீர்க் கோடுகள் இரண்டே: எதிர்ப்பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைப்பவை. சதுரமானால் மூலைவிட்டங்களும் சேர்ந்து நான்கு. சாய்சதுரத்தில் இது தலைகீழ், மூலைவிட்டங்கள் தேறும், நடுக்கோடுகள் தேறாது. சாய்சதுரமோ செவ்வகமோ ஆகாத இணைகரத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது.

கேள்வி: இணைகரத்தின் மூலைவிட்டத்தில் கண்ணாடியை நிறுத்திப் பார்த்தேன். முழு உருவம் தெரிகிறதே?

பதில்: கண்ணாடியை எங்கே வைத்தாலும் சமச்சீரான உருவம்தான் தெரியும், அதன் வேலையே அதுதானே! கண்ணாடிக்குப் பின்னால் மறைந்த பாதியும் பிம்பமும் ஒன்றுதானா என்பதைப் பார்க்க வேண்டும். நீளமான மூலைவிட்டத்தில் வைத்தபோது உங்களுக்குத் தெரிந்தது பட்ட வடிவம். கண்ணாடியை எடுத்துவிட்டு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். இன்னொன்று, சாதாரணக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருப்பதால், கோட்டின்மேல் முன்விளிம்பை வைத்தால் நடுவில் சின்ன இடைவெளி தெரியும். 3 மி.மீ. கண்ணாடி என்றால் முன்விளிம்பு கோட்டுக்கு 2 மி.மீ. முன்னால் இருக்கட்டும்.

இந்தத் தொல்லை வேண்டாமென்றால் டிரேசிங் தாள் போதும். உருவத்தையும் கோட்டையும் படியெடுத்து, கோட்டின் இரு முனைகளிலும் புள்ளி வையுங்கள். தாளைப் புரட்டி, புள்ளிகளை அதே இடத்தில் பொருத்துங்கள். எங்கு விலகினாலும் உடனே கண்ணில் படும்.

கேள்வி: எழுத்துகளில் எவற்றுக்குச் சமச்சீர்க் கோடு உண்டு?

பதில்: ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஏ, எம், வி, ஒய் ஆகியவற்றுக்குச் செங்குத்துக் கோடு, சி, ஈ, கே ஆகியவற்றுக்குக் கிடைக்கோடு, ஹெச், எக்ஸ் இரண்டுக்கும் இரண்டு வகையும். ('டி' என்றால் எந்த டி என்று கேட்பீர்கள், விட்டுவிடுகிறேன்.) பலரும் சறுக்குவது என், எஸ், இசட் மூன்றிலும்தான். அவை அரைச்சுற்றில் பொருந்துமே தவிர, மடித்தால் பொருந்தா.

தமிழில் 'ப'வுக்குச் செங்குத்தாக ஒன்று. 'ட'வின் இரு கைகளையும் ஒரே நீளத்தில் எழுதினால், மூலையிலிருந்து 45° சாய்வில் ஒரு கோடு கிடைக்கும். செங்குத்து, கிடைக் கோடுகளையே தேடிப் பழகிய கண்ணுக்கு இது தட்டுப்படாது. 'ஃ' இன்னும் சுவையானது: மூன்று புள்ளிகளும் சமபக்க முக்கோணத்தின் முனைகளில் அமைந்தால் 3 கோடுகள், மேல்புள்ளி சற்று உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ 1. எழுத்துரு மாறினால் விடையும் மாறும் என்பதால், அச்சிலுள்ள எழுத்தை அளந்து பார்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒழுங்கு அறுங்கோணத்துக்கு 3 கோடுகள்தானே?

பதில்: 6. மூலைக்கு மூலை 3 போட்டதும் நிறுத்திவிட்டீர்கள். எதிர்ப்பக்க நடுப்புள்ளிகள் வழியே இன்னும் 3 உண்டு.