நகம் தட்டுகிறதா? கார் கீறலும் பாலிஷும்: கேள்வி-பதில்

கீறலைப் படம் எடுத்து அனுப்பி "என்ன பாலிஷ் வாங்கட்டும்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பாலிஷைத் தேய்க்கும் பேடைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பாதி வேலை அங்கேதான் நடக்கிறது.

கேள்வி: கதவில் யாரோ சாவியால் கோடு இழுத்துவிட்டார்கள். நகத்தால் தடவினால் தட்டுகிறது. எவ்வளவு காரமான காம்பவுண்ட் போட்டால் போகும்?

முழுசாகப் போகாது, போக வைக்கவும் முயல வேண்டாம். பாலிஷ் பள்ளத்தை நிரப்புவதில்லை. பள்ளத்தைச் சுற்றியிருக்கும் மேட்டைத் தேய்த்து, பள்ளத்தின் அடிமட்டம் வரைக்கும் இறக்குகிறது, அவ்வளவுதான். நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் சுமார் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த அடுக்குதான். ஒரே ஒரு கோட்டுக்காக அதைக் கரைத்துவிட்டால், சில வருடங்களில் அந்த இடம் மட்டும் வெளுத்து உரிய ஆரம்பிக்கும்.

கீறல் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஈரம் இருக்கும் வரை கோடு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அது பெரும்பாலும் கிளியர் கோட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறது. அப்போது அதன் கூரான ஓரங்களை மட்டும் மழுக்கிவிடலாம். ஓரம் மழுங்கினால் வெளிச்சம் பட்டுத் தெறிப்பது குறையும், நான்கடி தள்ளி நின்றால் தெரியாது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீரிலும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால், நிறத்துக்கு அடியில் இருக்கும் ப்ரைமர் பூச்சு வரை போய்விட்டது. டச்-அப் பெயிண்டுக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: காம்பவுண்ட், பாலிஷ், வேக்ஸ் மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. காம்பவுண்ட் அதிகமாக வெட்டும், பாலிஷ் குறைவாக வெட்டி மினுக்கும், வேக்ஸ் வெட்டவே வெட்டாது. முதல் இரண்டும் பெயிண்டிலிருந்து எடுப்பவை, மூன்றாவது மேலே பூசுவது. குழப்பம் வருவது நடுவில் இருக்கும் சில "ஆல்-இன்-ஒன்" டப்பாக்களால்தான். அவற்றில் கீறலுக்குள் போய் உட்கார்ந்து மறைக்கும் எண்ணெய்களும் இருக்கலாம். போட்ட அன்று கண்ணாடி மாதிரி இருக்கும், இரண்டு முறை கழுவியதும் பழைய கீறல்கள் சிரித்துக்கொண்டு வந்து நிற்கும். நிஜமாகவே போனதா என்று தெரிய, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய் போனபின் தெரிவதுதான் உண்மை.

கேள்வி: ஆரஞ்சு பேட் வாங்கவா, வெள்ளை பேட் வாங்கவா?

நிறத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு வெட்டுவதற்கு, இன்னொன்றின் ஆரஞ்சு வெறும் மினுக்கலுக்கு. பொதுவான விதி எதுவும் கிடையாது. கையால் அழுத்திப் பாருங்கள், அப்புறம் அந்தக் கம்பெனியின் அட்டவணையைப் படியுங்கள்.

வகை என்று பார்த்தால் மூன்று. கம்பளி பேட் வேகமாக வெட்டும், சூடும் குறைவு, ஆனால் மங்கலை விட்டுச் செல்லும். மைக்ரோஃபைபர் பேட், டிஏ (டூயல் ஆக்‌ஷன், சுற்றிக்கொண்டே அலையும்) மெஷினில் போட்டால் நன்றாக வெட்டும், அதுவும் சில பெயிண்டுகளில் லேசான மங்கல் தரும். ஃபோம் பேடில் கெட்டியானது வெட்ட, நடுத்தரமானது பாலிஷுக்கு, மெத்தென்றது கடைசி மினுக்கலுக்கு. வீட்டில் செய்பவருக்கு நான் சொல்வது நடுத்தர ஃபோம் பேடும் நடுத்தர பாலிஷும்தான். கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்த சிலந்தி வலைக் கீறல்களில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும்.

போகவில்லை என்றால்? பாலிஷை அப்படியே வைத்துக்கொண்டு பேடை மட்டும் ஒரு படி கெட்டியாக்குங்கள். அதே பாலிஷ், கெட்டி பேடில் வேறு ஆளாக வேலை செய்யும். அப்போதும் போகாவிட்டால்தான் காம்பவுண்ட். பெயிண்ட் கடினமா, மென்மையா என்பது காருக்குக் கார் மாறும், எனவே பானெட்டில் ஒரு முழம் சதுரத்தில் சோதித்துவிட்டு மிச்சத்தைத் தொடுங்கள். மிக மென்மையான பேட், பாலிஷிலிருந்து மேலே ஏற வேண்டும். நேரே காரத்தில் ஆரம்பித்தவருக்குத் தேவையான அளவு எது என்று கடைசி வரை தெரியாது.

கேள்வி: ரோட்டரி மெஷின் வேகமாமே? டிஏ எதற்கு?

வேகம்தான், சந்தேகமில்லை. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுகிறது. சூடு ஓரிடத்தில் சேரும். டிஏ சுற்றிக்கொண்டே ஊஞ்சல் மாதிரி அலைவதால் சூடு பரவிவிடும், அழுத்தினால் சுற்றுவது நின்றும் போகும். அந்தக் குறைதான் புதியவருக்குக் காவல். நான் ரோட்டரி பழகிய நாட்களில் ஒரு பானெட்டின் மடிப்பு விளிம்பில் மூன்று நொடி கூடுதலாக நின்றேன், அடியிலிருந்த ப்ரைமர் தெரிந்துவிட்டது. மடிப்பு, ஓரம் போன்ற இடங்களில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், பேடின் அழுத்தம் முழுவதும் அந்தக் கோட்டில்தான் விழும். அன்றிலிருந்து விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டாமல் மெஷினைத் தொடுவதில்லை. பிளாஸ்டிக் பம்பரிலும் கவனம். இரும்புத் தகடு போல அது சூட்டைக் கடத்தாது.

கேள்வி: முதல் கதவு அருமையாக வந்தது. நான்காவது கதவில் அதே பாலிஷ் வேலையே செய்யவில்லை. சரக்கு கெட்டுவிட்டதா?

சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பேட் மூச்சு முட்டிப்போய்விட்டது. தேய்த்தெடுத்த பெயிண்டும் பழைய பாலிஷும் ஃபோமின் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் வழுக்குமே தவிர வெட்டாது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் தேய்த்தோ, டவலை அழுத்திச் சுற்றவிட்டோ சுத்தம் செய்யுங்கள். ஒரு காருக்கு ஒரே வகையில் 4 பேடாவது வேண்டும். ஒன்று ஈரமாகிச் சூடேறினால் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு அடுத்ததை மாட்டலாம். ஒரே பேடில் முழுக் காரையும் முடிக்கப் பார்ப்பது பொய்ச் சிக்கனம்.

புது பேடின் முகம் முழுக்க முதலில் லேசாகப் பாலிஷைத் தடவிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து பட்டாணி அளவில் 4 சொட்டு போதும். நொடிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வேகத்தில், குறுக்கும் நெடுக்குமாக. பேடை ஒட்டும் பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், டிஏ பேட் சுற்றுகிறதா, வெறுமனே அதிர்கிறதா என்று பார்த்தவுடன் தெரியும். இந்தக் கோடு இல்லாமல் அரை நாள் வெறுமனே அதிர்ந்துகொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: மெஷின் இல்லை. கையால் போகுமா?

சின்ன இடம் என்றால் போகும். கதவுக் கைப்பிடிக் குழியில் விழும் நகக் கீறல்களுக்குக் கைதான் சரி. கெட்டி ஃபோம் அப்ளிகேட்டர், நல்ல பாலிஷ், பொறுமை. பழைய பனியன் துணி வேண்டாம்.

கேள்வி: பற்பசை?

அதிலும் தேய்க்கும் துகள்கள் உண்டு, அதனால்தான் சில சமயம் பலிக்கிறது. ஆனால் அந்தத் துகள்கள் பல்லுக்கு அளந்தவை. கிளியர் கோட்டுக்கு அளந்ததே கிடைக்கும்போது எதற்கு?

கேள்வி: பழைய சிவப்பு காரைத் தேய்த்தால் பேடெல்லாம் சிவப்பு. பெயிண்ட் போகிறதா?

போகிறது. ஆனால் பயப்பட வேண்டாம். கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயிண்டில் நிறம்தான் மேல் அடுக்கு, அது பேடில் ஏறத்தான் செய்யும். வெளுத்துப்போன மேல்தோல் எடுபட்டதும் உள்ளிருந்து நல்ல சிவப்பு வரும். ஒருவேளை உங்கள் காரில் கிளியர் கோட் உண்டு என்று உறுதியாகத் தெரிந்திருந்தும் நிறம் வருகிறதென்றால், உடனே மெஷினை அணையுங்கள்.

கேள்வி: காம்பவுண்ட் போட்டபின் கறுப்பு காரில் புகை படிந்த மாதிரி இருக்கிறது.

அது காம்பவுண்டும் கெட்டி பேடும் விட்டுச்சென்ற நுண்ணிய கீறல். மென்மையான பேடில் நைஸ் பாலிஷ் போட்டு இன்னொரு சுற்று. காம்பவுண்ட் தொட்ட பேடை இதற்கு எடுக்காதீர்கள், எவ்வளவு கழுவியிருந்தாலும் சரி.

கேள்வி: மேட் ஃபினிஷ் காருக்கு எந்த பேட்?

எதுவும் இல்லை. தேய்த்த இடம் பளபளக்கும், அந்தப் பளபளப்பை மறுபடி மங்கலாக்க வழி கிடையாது. ரீபெயிண்ட்தான்.