ஆஸ்திரேலியாவில் பழம் பறித்துக்கொண்டே ஊர் சுற்ற முடியுமா?

முடியும். ஆனால் பருவத்தின் பின்னாலேயே நகர வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வடக்கே டார்வின், கேத்தரின் பக்கம் மாம்பழம். டிசம்பர், ஜனவரியில் தாஸ்மேனியாவில் செர்ரி. அப்புறம் விக்டோரியாவின் ஷெப்பர்ட்டன் பகுதியில் பேரிக்காய், ஆப்பிள். இந்த வரிசையில் போனால் பயணமும் தானாக அமைந்துவிடும்.

வேலை பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் கைப்பக்குவம் வேண்டும். செர்ரியைக் காம்போடு பறிக்க வேண்டும். காம்பு முளைக்கும் மொட்டையும் சேர்த்துப் பிய்த்தால் அடுத்த வருட விளைச்சல் போய்விடும். மாங்காயின் பால் தோலில் பட்டால் புண்ணாகும். அதனால் எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் அவசியம்.

நான் மிகவும் வலியுறுத்துவது சம்பள விஷயம். பறிக்கும் அளவுக்கு ஏற்பக் கூலி தரும் இடங்களிலும், வேலை செய்த மணிநேரத்துக்கான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே தரக்கூடாது என்பது 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி. 'நீ மெதுவாகப் பறித்தாய், இவ்வளவுதான்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தங்கும் இடத்தையும் வேலையையும் சேர்த்தே விற்பவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். வேலையே இல்லாமல் வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

ஊர் சுற்றிக்கொண்டே வேலை பார்க்க அனுமதிக்கும் 'வொர்க்கிங் ஹாலிடே' விசா இரண்டாம் ஆண்டுக்கும் வேண்டுமா? பெரும்பாலான நாட்டவர் குறிப்பிட்ட பகுதிகளில், விதிக்கு உட்பட்ட வேலையை மூன்று மாதம், அதாவது 88 நாள் செய்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டுதான் சாட்சி. ஒவ்வொரு வாரமும் கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.