டர்பனில் தெரிந்த ஹிஃப் பேண்ட் ஜோபர்க்கில் தெரியவில்லை. உயரம்தான் காரணமா?

கேள்வியின் சுருக்கம்: நுரையீரல் தமனியின் எண்டோதீலியல் செல்களை (உட்சுவர்ச் செல்கள்) 1% ஆக்சிஜனில் 24 மணி நேரம் வைத்தபோது டர்பன் ஆய்வகத்தில் ஹிஃப்-1 ஆல்ஃபா பேண்ட் வந்தது, அதாவது ஆக்சிஜன் குறையும்போது செல்லில் சேரும் அந்தப் புரதத்தின் கோடு வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் தெரிந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் அதே செய்முறைக்கு வரவில்லை.

உயரத்தின் மேல் பழி போடாதீர்கள். உயரம் பேண்டைக் கூட்டத்தான் பார்க்கும். டர்பனிலிருந்து ஜோபர்க் வரும் என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைக் கவனித்திருப்பீர்கள். டர்பனில் 760 மி.மீ. பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம், சுமார் 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோபர்க்கில் ஏறக்குறைய 625தான். நீராவிக்கு 47 கழித்துவிட்டு 1% போட்டுப் பாருங்கள்: டர்பனில் 7.1 மி.மீ., இங்கே 5.8. செல்லுக்குத் தெரிவது இந்த அழுத்தம்தான், சதவீதம் அல்ல. டர்பன் நிலை வேண்டுமானால் இங்கே 1.23% வையுங்கள். கார்பன் டை ஆக்சைடையும் 5%லிருந்து 6.2%க்கு ஏற்றுங்கள், ஏற்றாவிட்டால் செல் வளரும் ஊடகத்தின் பி.எச். சுமார் 0.1 கூடிவிடும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆக்சிஜன் சென்சாரையும் அறைக் காற்றில் சோதியுங்கள். சுமார் 17 காட்டினால் அது கடல்மட்டக் கணக்கிலேயே இருக்கிறது; அப்போது ஆக்சிஜனுக்கு இந்தத் திருத்தம் தேவையில்லை.

பேண்ட் காணாமல் போவது பெரும்பாலும் உங்கள் மேசையில்தான். ஹிஃப்-1 ஆல்ஃபாவைச் செல் ஓயாமல் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் இருந்தால் பி.எச்.டி. நொதிகள் அதன் 402, 564 ஆம் இடங்களிலுள்ள புரோலின்களில் ஹைட்ராக்சில் சேர்க்கும், வி.எச்.எல். புரதம் அதைப் பிடித்து, புரதங்களை அழிக்கும் புரோட்டியசோமுக்கு அனுப்பிவிடும். சாதாரணக் காற்றில் அதன் அரை ஆயுள் சுமார் 5 நிமிடம். கதவைத் திறந்து, தட்டை எடுத்து வந்து, அறை வெப்பத்து பி.பி.எஸ். உப்புக் கரைசலில் இருமுறை கழுவினால் மிச்சம் என்ன இருக்கும்? முடிந்தால் ஆக்சிஜன் குறைந்த கையுறைப் பெட்டிக்குள்ளேயே செல்களைச் சிதைத்துவிடுங்கள். முடியாவிட்டால் தட்டை நேராகப் பனிக்கட்டி மேல் வைத்து, ஊடகத்தை உறிஞ்சி, செல்லைக் கரைக்கும் எஸ்.டி.எஸ். கலந்த சூடான கரைசலை ஒரு நிமிடத்துக்குள் ஊற்றுங்கள். ஊடகத்தை முந்தின இரவே அதே வாயுவில் வைத்துச் சமன்படுத்துங்கள். செல்லின் மேல் அது 2 மி.மீ. ஆழத்துக்கு மேல் நிற்க வேண்டாம். ஆக்சிஜன் நீரில் மெதுவாகத்தான் பரவும்.

24 மணி நேரமும் தவறான தேர்வு. ஹிஃப்-1 ஆல்ஃபா 4 முதல் 8 மணிக்குள் உச்சம் தொட்டு இறங்கிவிடும். அதுவே தூண்டிய பி.எச்.டி. நொதிகள்தான் அதைத் திரும்ப அழிக்கின்றன. நின்று வேலை செய்வது அதன் உறவுப் புரதமான ஹிஃப்-2 ஆல்ஃபா. நுரையீரல் எண்டோதீலியத்தில் அதுதான் முக்கியம். அதையும் கட்டாயம் பாருங்கள். நாளத்தைச் சுருக்கும் எண்டோதீலின்-1 மரபணுவும் இந்தச் செல்களில் உயர்கிறது. மென்தசைச் செல்லிலோ ஹிஃப்-1 ஆல்ஃபா கே.வி.1.5 பொட்டாசியம் வாயிலைக் குறைத்து, டி.ஆர்.பி.சி.1, 6 ஆகிய கால்சியம் வாயில்கள் இரண்டையும் கூட்டி, கால்சியத்தை ஏற்றுகிறது. அந்த மரபணுக்களை எண்டோதீலியத்தில் தேடி ஏமாற வேண்டாம்.

மரபணு எவ்வளவு உயர்ந்தது என்று அளக்கும் கியூ.பி.சி.ஆரில் ஒப்பீட்டு மரபணுவாக ஜி.ஏ.பி.டி.எச். வேண்டவே வேண்டாம். ஆக்சிஜன் குறைந்தால் அதுவே உயரும். அதனால் வகுத்தால் உண்மையான ஏற்றம் மட்டமாகிவிடும். ஆர்.பி.எல்.பி.0, டி.பி.பி. இரண்டையும் உங்கள் செல்லில் சோதித்துவிட்டு வையுங்கள். தூண்டல் நடந்ததற்குச் சாட்சியாக, ஹிஃப் தூண்டும் அட்ரினோமெடுலின் மரபணு நன்றாக இருக்கும்.

அடுத்த முறை ஒரு தட்டை சாதாரணக் காற்றிலேயே 100 மைக்ரோமோலார் டெஸ்ஃபெரியாக்சமினில் (இரும்பைப் பிடித்து பி.எச்.டி. நொதிகளை முடக்கும் மருந்து) 6 மணி நேரம் வையுங்கள். அதில் பேண்ட் வந்து 1% தட்டில் வராவிட்டால், குறை வாயுவிலோ கையாண்ட விதத்திலோ. இரண்டிலும் வராவிட்டால் ஆன்டிபாடியையும், புரதத்தை ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபரையும் பாருங்கள். பேண்டை, கணக்குப்படி வரும் 93 கிலோடால்டன் எடையில் தேடாமல், 110 முதல் 120 வரை தேடுங்கள்.