பாட்டு யாருடையது?

கேள்வி: சார், ‘ரெஸ்பெக்ட்’ பாட்டு என்றாலே அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் குரல்தான் காதில் கேட்கிறது. ஆனால் எழுதியவர் ஓட்டிஸ் ரெடிங் என்று போட்டிருக்கிறார்கள். அப்புறம் அது யாருடைய பாட்டு?

பதில்: பத்திரப்படி அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்குடையது. எழுதியதும் அவர்தான், 1965இல் பாடி ஹிட்டாக்கியதும் அவர்தான். வீட்டுக்கு வருகிற ஆண் தன் பெண்ணிடம் கொஞ்சம் மரியாதை காட்டு என்று கெஞ்சுகிற பாட்டு. 1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில், அட்லாண்டிக் ஸ்டூடியோவில், 24 வயது அரீத்தா அதையே பெண் கேட்கிற பாட்டாக மாற்றிப் பாடினார். கெஞ்சல் போய் அதட்டல் வந்துவிட்டது.

ஆள் மாறியது மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ரெஸ்பெக்டை எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்கிற இடம் இருக்கிறதே, கேட்கிற எல்லோரும் சேர்ந்து கத்துவோமே, அது ஓட்டிஸ் பாட்டில் கிடையவே கிடையாது. பின்னணியில் அரீத்தாவின் அக்கா எர்மாவும் தங்கை கரோலினும் விடாமல் வெட்டி வெட்டிப் பாடுவதும் கிடையாது. நடுவில் வரும் சாக்ஸபோன் பகுதியும் புதிதுதான். சாம் அண்ட் டேவ் ஜோடி பாடிய இன்னொரு பாட்டின் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டுகளை, கொண்டுவந்து வைத்து, அதன் மேல் கிங் கர்ட்டிஸ் வாசித்தார். பியானோ அரீத்தாவே. டிரம்ஸ் அலபாமாவிலிருந்து வந்த ரோஜர் ஹாக்கின்ஸ், அவர் அடியை மட்டும் ஒருமுறை தனியாகக் கவனித்துப் பாருங்கள், அலட்டலே இல்லாமல் மொத்தப் பாட்டையும் தாங்கும்.

ஜூனில் அமெரிக்காவில் முதலிடம். அதே மாதம் கலிஃபோர்னியாவின் மான்டரே இசைவிழா மேடையில் ஓட்டிஸே, ஒரு பெண் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட பாட்டு என்று சொல்லிவிட்டுத்தான் இதைப் பாடினார். என் கணக்கில் பாட்டு இரண்டு பேருக்கும் சொந்தம்.

சட்டத்தின் கணக்கு அப்படி இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். அமெரிக்காவில் சாதாரண வானொலியில் பாட்டு ஒலித்தால் ராயல்டி எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான், பாடியவருக்கு ஒரு சென்ட் கிடையாது. இணையம், செயற்கைக்கோள் வழியே ஒலிக்கும் டிஜிட்டல் வானொலிகள் பாடியவருக்கும் பணம் தரவேண்டும், ஆனால் 1972க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கும் தரவேண்டும் என்ற சட்டம் 2018 அக்டோபரில்தான் கையெழுத்தானது. அரீத்தா ஆகஸ்டிலேயே போய்விட்டார். சாதாரண வானொலி நிலையங்களை அந்தச் சட்டமும் தொடவில்லை.