குடிப்பழக்கம் இல்லாதவர்கள் மெக்சிகோவில் டெக்கிலா ஊருக்குப் போவது வீணா?

வீணே இல்லை, தாராளமாகப் போங்கள். நான் பீர்கூடத் தொடாதவன்; போய் ரசித்துவிட்டுத்தான் வந்தேன். (உத்தமன் வேஷம் போடுகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.)

டெக்கிலா என்ற மதுவுக்குப் பெயர் கொடுத்த ஊர் இது. குவாதலஹாரா நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். ஊர் நெருங்கும்போதே சாலையோரம் முழுக்க அந்த மதுவுக்கு மூலப்பொருளான நீலக் கற்றாழை வயல்கள், பின்னால் எரிமலை. இந்த வயல்களையும் பழைய வடிசாலைகளையும் 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம்மூர் ரயில் கற்றாழைக்குச் சொந்தக்காரச் செடிதான். நட்டுவிட்டு ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். நீளக் கம்பின் நுனியில் வட்டத் தகடு வைத்த 'கோவா'வால் ஹிமதோர் (கற்றாழை அறுவடைக்காரர்) ஒருவர் மடல்களைச் சீவிக் காட்டினார். தகடு அவர் கால் பக்கத்தில் இறங்கும்போதெல்லாம் எனக்குப் பக்கென்றது. மிஞ்சுகிற குண்டான நடுப்பகுதியை அடுப்பில் வேகவைத்து, ஒரு துண்டைக் கையில் கொடுத்தார்கள். வெல்லப்பாகில் ஊறிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாதிரி தித்திப்பு, வாயெல்லாம் நார். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டியதுதான். புளிக்கவைப்பதற்கு முந்தைய கட்டம் என்பதால் துளி போதை கிடையாது.

வேன் சுற்றுலாவில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். எங்களை அழைத்துப்போனவர் வடிசாலையில் 'வா வா' என்று விரட்டிவிட்டு, பாட்டில் கடையில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸில் போனால் உங்கள் இஷ்டம்.

அந்த ஊர்ப் பெயர்ப்பலகையோடு ஒரு போட்டோ போட்டேன். அவ்வளவுதான், பெரியப்பா அம்மாவுக்குப் போன் போட்டு "பையன் கெட்டுப்போயிட்டான்" என்றுவிட்டார். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கார் டிக்கியைத் திறந்துவைத்து ஊற்றிக்கொடுக்கிற அதே பெரியப்பா! கேட்டால் "ஃபங்ஷன்ல அதெல்லாம் சகஜம்டா" என்பார். சரி, விடுங்கள்.

குவாதலஹாராவில் ஒரு நாள் ஒதுக்குங்கள். அங்கே ஹோஸ்பிசியோ கபாஞாஸ் ஒரு காலத்தில் அநாதை இல்லம், இப்போது அருங்காட்சியகம். அதன் தேவாலயக் கூரையில் 1930களின் கடைசியில் மெக்சிகோ ஓவியர் ஒரோஸ்கோ ஓவியங்கள் தீட்டினார். இளவயதிலேயே இடது கையை இழந்தவர். குவிமாடத்தின் உச்சியில் தீப்பற்றி மேலே எழும் மனிதன். கழுத்து வலிக்காமல் பார்க்க பெஞ்சு போட்டிருக்கிறார்கள். கூச்சப்படாமல் மல்லாந்து படுத்துவிடுங்கள், எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், அதைக் கணக்குப் பண்ணி டிக்கெட் போடுங்கள்.